‘மீன் கிரீன்’ என்று சொல்லி விற்கிறார்கள், ஓம் அளந்து கேளுங்கள்

அரோரா கம்பெனியின் பழைய தண்டர்ஜெட் ஸ்லாட் கார் (பள்ளம் வைத்த ட்ராக்கில் கரண்டில் ஓடும் பொம்மைக் கார்) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. ‘ஒரிஜினல் மீன் கிரீன் (Mean Green) ஆர்மேச்சர், பேலன்ஸ் செய்தது’ என்று ஆன்லைனில் ஒரு அமெரிக்க விற்பனையாளர் போட்டிருந்ததை 85 டாலர் கொடுத்து வாங்கினேன். வந்தது சாதாரண ஆர்மேச்சர். மேலே பச்சைப் பெயின்ட், அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: மோட்டாரில் கம்பி சுற்றிச் சுழலும் பாகம்தான் ஆர்மேச்சர். 1963-ல் வந்த தண்டர்ஜெட்டில் ஆர்மேச்சர் தட்டையாகப் படுத்த வாக்கில் சுழலும். பான்கேக் மோட்டார் என்பார்கள். சாதாரண காயிலில், அதாவது அதில் சுற்றிய கம்பியில், மின்தடை சுமார் 16 ஓம் காட்டும். பிற்பாடு ‘டஃப் ஒன்ஸ்’ என்ற வண்டிகளுக்காக அரோராவே 6 ஓம் அளவில் பச்சைக் கம்பி சுற்றிப் போட்டது. அதுதான் மீன் கிரீன். ஓம் குறைந்தால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். வேகமும் ஏறும், சூடும் ஏறும்.

என்னுடையது ட்ராக்கில் மந்தமாகத்தான் ஓடியது, தொட்டால் சூடும் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். “கழற்றி, கம்யூட்டேட்டரைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, பிச்சுக்கிட்டுப் போகும்” என்றார். கழற்றினேன். ஆர்மேச்சரின் அடியில் கம்யூட்டேட்டராக இருக்கும் மூன்று செம்புப் பட்டைகளில் இரண்டிரண்டாக மல்ட்டிமீட்டர் முனையை வைத்தால் 15.8, 16.1, 15.9. நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்துக் காயிலைத் தொட்டேன். பஞ்சு பச்சை, கம்பி செம்பு நிறம்! கம்பியின் அசல் எனாமல் இப்படிச் சட்டென்று கரைந்து வராது. இரும்புத் தகட்டின் ஓரத்திலும் பச்சைப் பிசிறு.

பேலன்ஸ் கதை இன்னும் மோசம். மூன்று போலிலும் (கம்பி சுற்றிய இரும்புக் கைகள்) ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் குழி. கனமான பக்கத்தில் மட்டும் சுரண்டினால்தான் அது பேலன்ஸ். மூன்றிலும் சமமாகச் சுரண்டினால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும், பழைய ஆட்டம் அப்படியே இருக்கும். படம் எடுக்கப் போட்ட குழி அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், “நீங்க கழற்றிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது” என்கிறார். கழற்றச் சொன்னதே அவர்! இப்போது ரிவ்யூவை எடுத்தால் பாதிப் பணம் தருவாராம். எடுக்கப்போவதில்லை.

வாங்குகிறவர்கள், மீட்டர் முனை கம்யூட்டேட்டரில் இருக்க, எண்ணும் தெரிய, மூன்று ஜோடிக்கும் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அதே ஆள் இந்த வாரம் இன்னும் நாலு ‘மீன் கிரீன்’ விற்பனைக்குப் போட்டிருக்கிறார். நாலுக்கும் ஒரே படம்.