நட்சத்திரக் கேள்வியா, எழுத்துக் கேள்வியா?

மக்களவையில் அமைச்சரைப் பதில் சொல்ல வைக்க ஓர் உறுப்பினருக்கு முக்கியமாக இரண்டு வகைக் கேள்விகள் உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான்.

முதல் வகையின் உயிரே துணைக் கேள்விதான். அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்ததை அமைச்சர் வாசித்து முடித்ததும், கேட்டவர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்; சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். துறையைப் பற்றி அமைச்சருக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது அப்போது வெளிப்பட்டுவிடும். ஆனால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஒரு நாளுக்கு 20 கேள்விகளே பட்டியலில் ஏறும். அந்த 20-ம் ‘கேள்வி நேரம்’ எனப்படும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவது அபூர்வம். அமளி வந்தால் அந்த ஒரு மணி நேரமும் போச்சு.

எழுத்துக் கேள்வியில் நாளொன்றுக்கு 230 வரை இடம் உண்டு. மாநில வாரியாக, ஆண்டு வாரியாகப் புள்ளிவிவரம் கேட்டு வாங்க இதுதான் சரி. அமளியிலும் பதில் அவையில் வைக்கப்பட்டுவிடும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே நிறுத்தியபோதும் எழுத்துப் பதில்கள் வந்தன. குறை என்னவென்றால், ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று ஒரு வரியில் முடித்தால், அங்கேயே மடக்கிக் கேட்க வழியில்லை.

என்னைக் கேட்டால், முதலில் எழுத்தில் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் அதே கணக்கோடு நட்சத்திரக் கேள்விக்கு முயல்வேன்.