புது ஆர்எக்ஸ் 6600-ஆ, பழைய 5700 எக்ஸ்டி-யா?

போன வருடம் கேமிங் கம்ப்யூட்டர் சேர்த்தபோது மற்ற பாகங்களெல்லாம் ஒரே மாலையில் முடிவாகிவிட்டன: ரைசன் 5 5600 பிராசஸர், 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர். கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் மூன்று வாரம் இழுத்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்ததில் புது ஆர்எக்ஸ் 6600 இருபதாயிரத்தைத் தொட்டது. செகண்ட்ஸில் 5700 எக்ஸ்டி பன்னிரண்டாயிரத்துக்கே வந்தது.

வேகத்தில் பெரிய சண்டை இல்லை. இரண்டிலும் 8 ஜிபி மெமரி. சில கேம்களில் 2019-இல் வந்த பழையதே ஒரு படி முன்னால் நிற்கும். ஆனால் ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேசிங்குக்கான ஹார்ட்வேர் அதில் கிடையாது. டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. 6600-இல் அவை சுமாராகவாவது ஓடும்.

அப்புறம் மைனிங். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கம்ப்யூட்டர் ஓட்டி எடுக்க 5700 எக்ஸ்டி-க்கு அப்போது ஏக கிராக்கி. 2022 செப்டம்பரில் அந்த மைனிங் நின்றதும் இரவு பகலாக உழைத்த கார்டுகள் துடைத்துப் பளபளப்பாகச் சந்தைக்கு வந்தன. ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அத்தை மகன் வாங்கியது ஒரு வருடமாக நன்றாகவே ஓடுகிறது. ஒரே ஒரு கார்டைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது யுபிஎஸ். எங்கள் பக்கம் கரண்ட் சொல்லாமல் போகும், இரண்டு நொடியில் திரும்பவும் வரும். யுபிஎஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் வைக்கும் தைரியம் எனக்கு இல்லை. வீட்டில் இருந்தது 600 விஏ. பெட்டியில் பெரிதாக 600 என்று போட்டிருந்தாலும் அது தாங்குவது 360 வாட்தான்.

6600 எடுப்பது 132 வாட், 5700 எக்ஸ்டி 225. பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 76, போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 35 என்று வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் மானிட்டரையும் சேர்த்தால் 6600 வைத்த கம்ப்யூட்டர் 310 வாட் பக்கம் நிற்கும். மற்றது 420. அத்தை மகனின் கார்டை ஒரு வாரம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கேம் நடுவே கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு தடவை அலறியது, எல்லாம் இருட்டு.

சரி, பெரிய யுபிஎஸ் வாங்கிக்கொள்ளலாமே? 1000 விஏ எடுத்தால் இன்னும் சில ஆயிரம். எஸ்எம்பிஎஸ்ஸிலும் 6600-க்கு கார்டு நிறுவனமான ஏஎம்டி சொல்வது 450 வாட், 5700 எக்ஸ்டி-க்கு 600. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றும் பேட்டரியும் பெரிதாகும். மிச்சம் என்று நினைத்த எட்டாயிரத்தில் பாதிக்கு மேல் இப்படியே கரைந்துவிடும். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம்: தினமும் மூன்று மணி நேரம் விளையாடினாலும் இரண்டு மாதத்துக்கு சுமார் 20 யூனிட்தான் வித்தியாசம்.

கார்டின் டிரைவர் மென்பொருளில் வோல்டேஜைக் குறைத்தால் 5700 எக்ஸ்டி கொஞ்சம் அடங்கும். அத்தை மகன் அப்படித்தான் ஓட்டுகிறான். 600 விஏ-வுக்கு அதுவும் இழுபறிதான். வீட்டில் ஏற்கெனவே பெரிய யுபிஎஸ் இருக்கிறது, பழைய கேம்களே போதும் என்பவர்கள் செகண்ட்ஸைத் தாராளமாகப் பார்க்கலாம். 1440பி மானிட்டரில் இரண்டையும் நான் போட்டுப் பார்க்கவில்லை.

நான் 6600 எடுத்தேன். போன வாரமும் விளையாட்டு நடுவே கரண்ட் போனது. யுபிஎஸ் கத்திக்கொண்டே இருக்க, கேமை சேவ் செய்து ஷட் டவுன் கொடுத்துவிட்டு விசிறி தேடப் போனேன்.