இசைத்தட்டுக்குச் செலவு: ஒயருக்கா, ஊசிக்கா?

இசைத்தட்டு கேட்டுக் காது கொஞ்சம் பழகியதும், இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் காணும். விலை கூடிய ஒயரா, நல்ல ஊசியா? நான் ஊசி பக்கம். ஆனால் ஒயர் எல்லாமே ஒன்றுதான் என்றும் சொல்லமாட்டேன்.

ஸ்பீக்கர் ஒயரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம். ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 6 மீட்டர், மொத்தம் 0.04 ஓம் சொச்சம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? தூரம் ரொம்ப அதிகமென்றால் இன்னும் தடிமனான சாதாரண செம்பு ஒயர் போடுங்கள், போதும். பட்டுப் பின்னல் உறையும் தங்க முலாமும் கண்ணுக்குத்தான் விருந்து.

டர்ன்டேபிளிலிருந்து, அதன் சிக்னலைப் பெருக்கித் தரும் போனோ ப்ரீஆம்புக்குப் போகிற ஒயர் மட்டும் வேறு கதை. ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் மூவிங் மேக்னட் (ஊசியோடு சின்னக் காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் போலத்தான், சிடி பிளேயரோ 2 வோல்ட் தரும். இவ்வளவு மெல்லிய சிக்னல் என்பதால் ஒயருக்கு நல்ல ஷீல்டு, அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை வேண்டும். அதைவிட முக்கியம் மின்தேக்குத்திறன், அதாவது ஒயர் தனக்குள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு; அதைப் பிகோஃபாரட்டில் சொல்வார்கள். கார்ட்ரிட்ஜுக்குக் கார்ட்ரிட்ஜ் ஏற்ற அளவு மாறும்: ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200 பிகோஃபாரட், ஆர்டஃபான் 2எம் வரிசைக்கு 150 முதல் 300. ஒயரும் ப்ரீஆம்பும் சேர்ந்து இதைத் தாண்டினால், உச்ச ஸ்தாயிக்குக் கீழே ஓரிடம் புடைத்துக்கொண்டு காதைக் குத்தும், அதற்கு மேலே இருப்பது மங்கிவிடும். அதனால் விலை கூடிய நீளமான ஒயரைவிட, மின்தேக்குத்திறன் குறைந்த, குட்டையான, மலிவான ஒயரே இங்கே ஜெயிக்கும். அப்புறம் ஒன்று: 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் உடனே புது ஒயர் வாங்காதீர்கள். நான் இரண்டு நாள் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன், கடைசியில் பார்த்தால் கிரவுண்ட் ஒயரின் திருகு தளர்ந்திருந்தது.

சரி, ஊசிக்கு வருவோம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது, கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதே ஒரு நொடி இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. உருண்டை முனை உள்ள கோனிகல் ஊசியால் அந்த நெளிவுக்குள் இறங்க முடியாது, பாடகர் 'ஸ' சொல்லும்போதெல்லாம் துணி கிழிகிற மாதிரி கேட்கும். முனை நீள்வட்டமாக இருக்கும் எலிப்டிகல் பரவாயில்லை. இன்னும் கூர்மையாகச் செதுக்கிய மைக்ரோலைன் போட்டால் அதே தட்டில் அதே 'ஸ' சுத்தமாக வரும். விஎம்95-இல் கார்ட்ரிட்ஜைக் கழற்றவே வேண்டாம், ஊசியை மட்டும் உருவிவிட்டு அடுத்ததைச் செருகலாம். இந்த அளவு வித்தியாசத்தை எந்த ஒயரிலும் நான் கேட்டதில்லை.

கனமான 180 கிராம் தட்டு தேடி அலையவும் வேண்டாம். கனம் கூடினால் தட்டு கையில் உறுதியாக இருக்கும், ஒலி நன்றாக இருப்பது மாஸ்டரையும் (தட்டு செய்ய எடுத்த மூல ஒலிப்பதிவு) தட்டை அச்சிட்ட விதத்தையும் பொறுத்தது. புது ஊசி வாங்கும் முன்பு ஒருமுறை, ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தூசி உருண்டு ஒட்டியிருந்தால், தட்டையும் துடைத்து, ஊசியையும் பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தூரிகையால் தள்ளிவிட்டு, அந்தக் கடைசிப் பாட்டை மறுபடி போட்டுக் கேளுங்கள்.