பொறியியல் படிக்கக் கிண்டியா, குரோம்பேட்டையா?

சென்னையின் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இரண்டும் இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள்தான், ஆனால் குணம் வேறு. கிண்டி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. 1920-இல் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. சிவப்புக் கட்டடம், பெரிய மரங்கள், டெக்கோஃபெஸ் கலைவிழா என்று எல்லாமே விரிவு.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. சின்னது. சி. ராஜம் 1949-இல் தொடங்கினார். நாடு விடுதலை பெற்று இரண்டே வருடம்! அப்போதே விமானம், ஆட்டோமொபைல், மின்னணுவியல் என்று துணிந்து பாடம் வைத்தார்கள். வளாகத்தில் நின்ற இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார் அப்துல் கலாம். புத்தகத்தில் படிக்கும் இறக்கையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடிவது சாதாரண விஷயமா?

சிவில் என்றால் யோசிக்காமல் கிண்டி. விமானம் என்றால், என் தங்கையிடம் சொன்னதையே சொல்கிறேன்: குரோம்பேட்டைக்குப் போம்மா.