தஜ்வீத் கற்க நான்கு வழிகள்: யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில், குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் ஃபாத்திஹாவின் கடைசிச் சொல் மூன்று விதமாக ஒலித்துக்கொண்டிருந்தது. உம்மும்மா ‘வலள்ளாள்ளீன்’ என்றே ஆயுள் முழுவதும் ஓதினார். நான் ‘வலழ்ழால்லீன்’ என்று பழகினேன். கைபேசிச் செயலியில் கேட்டுக் கேட்டு ஓதிய என் மகளோ ‘வலத்தால்லீன்’ என்றாள். “வாப்பா, இந்த மூண்டில எது சரி?” என்று அவள் ஒருநாள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றுமே சரியில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்தக் கேள்விக்குப் பின், குர்ஆனைத் திருத்தமாக ஓதும் முறையான தஜ்வீதைக் கற்பதற்கு இன்று நம் கைக்கெட்டும் வழிகள் எவை, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் உதவுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு எழுத்துக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்ட மரபில்), தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், ஃபாத்திஹா ஓதுவது அதன் ருக்னு, அதாவது இன்றியமையாத அங்கம் ஆகும். பிஸ்மில்லாஹ்வையும் சேர்த்து அதில் 14 ஷத்துகள் (எழுத்தை இரட்டித்து ஓதும் இடங்கள்) இருப்பதாக எண்ணிவைத்து, அவற்றில் ஒன்றும் விடுபடக் கூடாது என்று அம்மத்ஹபின் ஃபிக்ஹு (சட்ட) நூல்கள் சொல்கின்றன. ஐவேளை ஃபர்ளு (கட்டாயத்) தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத்துகள் என்பதால், ஒரே பிழையை நாளுக்கு 17 தடவை ஓதி ஓதி நாமே அதை உறுதிப்படுத்திக்கொள்கிறோம். ‘அன்அம்த’ என்பதை ‘அன்அம்து’ என்று ஓதினால், ‘நீ அருள்புரிந்தாய்’ என்பது ‘நான் அருள்புரிந்தேன்’ என்று மாறிவிடும். இத்தகைய வெளிப்படையான பிழையை லஹ்ன் ஜலி என்றும், ஙுன்னாவை (மூக்கொலியை) நீட்டாமல் விடுவது போன்ற நுண்ணிய குறையை லஹ்ன் ஃகஃபி என்றும் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பிரித்துள்ளனர். எனினும் திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. ஆகவே இங்கே பேசப்படுவது, திருத்திக்கொள்ள வசதி இருந்தும் திருத்தாமல் இருப்பதைப் பற்றி மட்டுமே.

முதலில் தமிழ் எழுத்தில் அச்சான ஸூரா (குர்ஆன் அத்தியாயத்) தொகுப்புகளை எடுத்துக்கொள்வோம். யாஸீன் புத்தகம் இல்லாத வீடு நம்மிடையே அரிது. பிற்காலத்தில் ஓதத் தொடங்கிய எத்தனையோ தாய்மார்களுக்கு அதுவே துணையாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நமது எழுத்து அறபுக்கென்று உருவானதல்ல. ஸீன், ஸாத், ஸே ஆகிய மூன்று அறபு எழுத்துகளும் ‘ஸ’ என்ற ஒரே எழுத்துக்குள் அடைபடுகின்றன. காஃபும் கஃபும் ‘க’ ஆகின்றன. இரண்டு ஹேக்களும் ‘ஹ’ ஆகின்றன. ஐன் வெறும் அகரமாகக் கரைந்துவிடுகிறது. ‘குல்’ என்று தமிழில் எழுதினால் அது ‘சொல்வீராக’ என்பதா, ‘சாப்பிடு’ என்பதா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘கல்பு’ என்பது இதயமாகவும் இருக்கலாம், நாயாகவும் இருக்கலாம். ‘அலீம்’ அறிந்தவனையும் குறிக்கலாம், நோவினை தருவதையும் குறிக்கலாம். நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். அதனால்தான் தமிழையே அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழை அவர்கள் கைக்கொண்டார்கள். அறபைத் தமிழ் எழுத்துக்குள் திணிக்கவில்லை. நான்கு வழிகளில் இதற்குத்தான் கடைசி இடம் கொடுப்பேன்.

அடுத்தது ஒலிப்பதிவும் செயலியும். எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் ஃகலீல் அல்ஹுஸரி 1961இல் முழுக் குர்ஆனையும் முரத்தலாக (இசை நீட்டலின்றிச் சீரான நடையில்) ஓதிப் பதிவுசெய்தார். முழுக் குர்ஆனும் இவ்வாறு பதிவானது அதுவே முதல் முறை. பின்னர், கற்பவர் திருப்பிச் சொல்வதற்காக இடைவெளி விட்டு ஓதிய ‘முஅல்லிம்’ பதிவுகளும் வந்தன. மற்றோர் எகிப்திய ஓதுநரான அல்மின்ஷாவி ஓத ஓதச் சிறுவர்கள் திருப்பிச் சொல்லும் பதிவை இன்றும் இலவசமாகக் கேட்கலாம். மத்து (நீட்டல்) எத்தனை அளவு, எந்த இடத்தில் வக்ஃபு செய்வது (நிறுத்துவது), எவ்வளவு நிதானமாக ஓதுவது என்பவற்றுக்கு இவற்றைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியாது. இப்போது நம் குரலைக் கேட்டு விடுபட்ட சொல்லைச் சுட்டும் செயலிகளும் வந்துவிட்டன. மனனம் செய்தவர்களுக்கு அவை பெரும் உதவி. ஆனால் பதிவு பேசுகிறதே தவிர நம்மைக் கேட்பதில்லை. கேட்கும் செயலியோ எந்தச் சொல் வந்தது என்று பார்க்கிறது. நாக்கு எங்கே தொட்டது என்று அதற்குத் தெரியாது. என் மகளின் ‘வலத்தால்லீன்’ அப்படிப் பிறந்ததுதான். செயலியில் ஒலித்த ழாத் என்ற எழுத்தை, தனக்குத் தெரிந்த ஒலிகளில் எது கிட்ட இருக்கிறதோ அதாகவே அவள் காது எடுத்துக்கொண்டது. தன் பிழையைத் தானே கேட்டறியும் காது, பிழையைத் திருத்திய பிறகுதான் உண்டாகிறது.

செயலியால் இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. நம் மத்ரஸாப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்திய அச்சு முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) ஓதிப் பழகுகிறார்கள். செயலிகள் பலவற்றில் வருவதோ 604 பக்க மதீனா முஸ்ஹஃப். இந்திய அச்சில் ‘அர்ரஹீம்’ என்ற சொல்லின் யே எழுத்தின் மேல் ஜஸ்மு (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) இருக்கும். மதீனா அச்சில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இரண்டும் ஒரே ஓதல், ஹஃப்ஸ் என்பவர் அறிவித்த ஓதல் முறைதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அந்த வெறுமையைக் கண்டு நின்றுவிடுகிறது.

இனி உண்மையான போட்டி மிஞ்சிய இரண்டுக்கும் இடையேதான்: மஹல்லா (ஊர்ப் பள்ளிவாசல் பகுதி) மத்ரஸா, இணையத்தில் தனியாக நம் ஓதலைக் கேட்கும் உஸ்தாத் (ஆசிரியர்).

மத்ரஸாவின் மீது எனக்குப் பாசம் அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கிடுகுக் கொட்டிலில், ஈரப் பாயில் உட்கார்ந்துதான் நான் ‘அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ’ என்று தொடங்கினேன். பாசத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால் நிலைமை வேறு. முப்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம், ஓர் உஸ்தாத் என்றால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். ஐந்து நாள் போனாலும் வாரத்துக்குப் பத்து நிமிடம். எல்லோரும் ஒன்றாகச் சத்தமிட்டு ஓதும்போது பிழை ஓதுபவனின் குரல் கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. என் ‘ழ’ இருபத்தைந்து ஆண்டுகள் பிடிபடாமல் தப்பியது அப்படித்தான். மறுபுறம், பக்கத்திலிருப்பவன் திருத்தப்படுவதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பயன் மத்ரஸாவில் மட்டுமே உண்டு. உஸ்தாத் பிள்ளையின் வாயை நேரில் பார்க்கிறார் என்பதும் சிறிய காரியமல்ல.

இணைய வகுப்பில் வாரம் இரண்டு அரைமணி நேரம் என்றாலும் அறுபது நிமிடமும் ஒரே பிள்ளைக்குத்தான். பெண் பிள்ளைகளுக்கு உஸ்தாதாவை (பெண் ஆசிரியரைத்) தேடிக்கொள்ளவும் அது வழி செய்கிறது. ஓதல் உஸ்தாத்கள் பலர் இருக்கும் கெய்ரோவின் நேரம் நமக்கு மூன்றரை மணி, அங்குக் கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில் இரண்டரை மணி பின்னால் இருப்பதால், நமது மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு)ப் பிந்திய பொழுது அவர்களுக்கு மாலை வேளையாக அமைந்துவிடுகிறது. ஆனால் கட்டணம் டொலரில் கேட்கப்படுகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறி, நாளெல்லாம் மின்வெட்டும் சேர்ந்தபோது, நாங்கள் தொடங்கியிருந்த முதல் வகுப்பு இரண்டே மாதத்தில் நின்றுபோனது.

அதைவிட ஆழமான குறை ஒலியில் இருக்கிறது. ஸீன், ஸே, ஸாத் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் சீறல் உயர்ந்த அதிர்வெண்களில்தான் பெரும்பாலும் தங்கியுள்ளது. இணைப்பு மெலியும்போதும், இரைச்சலை அகற்றும் வசதி இயங்கும்போதும் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பகுதியே. எனவே உஸ்தாத் “மாஷா அல்லாஹ்” என்று சொல்வது, உங்கள் ஸே சரியாக வந்ததாலா, அவர் காதுக்கு எட்டாததாலா என்று தெரியாது. கைபேசியிலேயே குரலைப் பதிவுசெய்து அந்தக் கோப்பை அனுப்பிவைத்தால் இந்தக் குறை பாதி தீரும்.

மொழியும் ஒரு விஷயம். தமிழ் தெரியாத உஸ்தாத் பிழையைக் கண்டுபிடிப்பார். அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. ‘ழ’ சொல்லும்போது நாக்கின் நுனி மேலே மடங்குகிறது. ழாத் எழுத்தின் மக்ரஜோ (பிறப்பிடமோ) நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடம். ரமழான், ஹாபிழ் என்று எழுதி எழுதி, அந்த எழுத்தே ஒலி என்று நாம் நம்பிவிட்டோம். இதைப் புத்தளத்திலிருந்து வகுப்பெடுக்கும் ஓர் உஸ்தாத்தான் அவிழ்த்தார். “மகள், ‘பழம்’ எண்டு சொல்லிப் பாருங்கோ. நாக்கு மடங்குதெல்லா? இப்ப மடக்காம, ஓரத்த மட்டும் கடவாய்ப் பல்லில வையுங்கோ” என்றார். மூன்றாவது வகுப்பில் அந்த எழுத்து வந்துவிட்டது. தமிழ் வாய்க்கு ஒரு வரவும் உண்டென்று அவரே காட்டினார்: ‘அது’ என்ற சொல்லின் நடுத் தகரத்தை நாக்கைச் சற்றே பல்லுக்கிடையில் நீட்டிச் சொன்னால் தால் (ذ) எழுத்துக்குக் கிட்ட வந்துவிடும்.

எனவே என் தேர்வு இது. சிறு பிள்ளைக்கு, பதினைந்து பேருக்கு மேற்படாத மஹல்லா மத்ரஸாவே முதலிடம். எழுத்தும் ஒழுங்கும் அங்கே வரட்டும். குர்ஆனின் கடைசிப் பகுதியான ஜுஸு அம்மவைத் தாண்டிய பிள்ளைக்கும், வெட்கத்தால் மத்ரஸா வாசலை மிதிக்காத என் வயதுக்காரருக்கும், தமிழ் பேசும் உஸ்தாதிடம் இணைய வகுப்பு. ஹுஸரியின் பதிவு இரண்டு தரப்புக்கும் அன்றாடம் காதில் விழட்டும்.

உஸ்தாதைத் தெரிவுசெய்வதற்கு நான் கையாளும் சோதனை ஒன்றுதான். முதல் நாள் அவர் முன் ஃபாத்திஹாவை ஓத வேண்டும். அவர் எத்தனை இடத்தில் நிறுத்துகிறார் என்று எண்ண வேண்டும். கடைசி வரை தலையசைத்துக் கேட்டுவிட்டு மாதக் கட்டணத்தைச் சொல்பவருக்கு ஸலாம் கூறி அடுத்தவரைத் தேடலாம். புத்தளத்து உஸ்தாத் என்னை ஐந்து இடத்தில் நிறுத்தினார். முதல் நிறுத்தம் ‘அல்ஹம்து’வின் ஹேயிலேயே வந்தது.