பார்சிலோனாவின் 2024-25 ஜெர்சி: லாமின் யமாலின் 19ஆம் எண்ணை வாங்கலாமா?

ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்து அணி 2024-25 பருவத்தில் சொந்த மைதானத்தில் அணிந்த ஹோம் ஜெர்சியில், முதுகில் இளம் வீரர் லாமின் யமாலின் பெயரும் 19 என்ற எண்ணும் பதித்ததைத்தான் நான் வாங்கினேன். அடுத்த பருவத்தில் அவர் அணிந்த 10ஆம் எண் ஜெர்சி கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தபோதும் பழையதைத் தேர்ந்தெடுத்ததற்குத் துணியைவிட அந்த எண்ணே முதற்காரணம்.

ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகாவில் 1 முதல் 25 வரையிலான எண்கள் முதல் அணி வீரர்களாகப் பதிவானவர்களுக்கு உரியவை; கீழ்நிலை அணிகளின் பதிவில் இருந்தபடியே முதல் அணிக்கு ஆட வருபவர்கள் அதற்கு மேற்பட்ட எண்களை அணிய வேண்டும். ஆகவே, யமாலின் முதுகைப் பார்த்தாலே அவர் எந்தப் படியில் நின்றார் என்பது விளங்கிவிடும். மத்தாரோ நகரின் ரோகாஃபோண்டா பகுதியில் வளர்ந்து, ஏழு வயதில் பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த அந்தச் சிறுவன், 2023 ஏப்ரல் 29 அன்று ரியல் பெட்டிஸுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கியபோது அணிந்திருந்தது 41; வயது 15 ஆண்டுகள் 290 நாட்கள். அடுத்த பருவத்தில் அது 27 ஆனது. அந்த எண்ணுடன்தான் 2023 அக்டோபரில் கிரனாடாவுக்கு எதிராகக் கோலடித்து, லா லிகாவில் மிக இளம் வயதில் கோலடித்தவர் என்ற பெயரைப் பெற்றார். அதற்கு ஒரு மாதம் முன்பே ஜார்ஜியாவை ஸ்பெயின் 7-1 என வென்ற ஆட்டத்தில் தேசிய அணிக்கு அறிமுகமாகி, அதிலும் கோலடித்திருந்தார்.

19 என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பார்சிலோனா அல்ல, 2024 யூரோ கோப்பை. பள்ளிப் பாடங்களையும் ஜெர்மனிக்குச் சுமந்து சென்ற 16 வயதுப் பையன், மியூனிக்கில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில், பெனால்டி பெட்டிக்கு வெளியே இருந்து இடது காலால் வளைத்து அடித்த பந்து தூரத்துக் கோல் கம்பத்தில் பட்டு உள்ளே சென்றது. 17ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் நடந்த இறுதியில், நிக்கோ வில்லியம்ஸ் அடித்த முதல் கோலுக்குப் பந்து கொடுத்தவரும் அவரே. அப்போது ஸ்பெயினுக்காக அணிந்த அதே எண்ணை அடுத்த பருவத்தில் கிளப்பிலும் அணிந்தார். மெஸ்ஸியும் 30, 19, 10 என்ற வரிசையில்தான் ஏறினார் என்பதை ரசிகர்கள் மறக்கவில்லை.

ஜெர்சியின் வடிவமைப்பும் இந்த எண்ணுக்குப் பொருந்தி வந்திருக்கிறது. கிளப்பின் 125ஆம் ஆண்டையொட்டி, 1899இல் அணிந்ததைப் போலவே நீலமும் கருஞ்சிவப்பும் ஆளுக்குப் பாதியாக உடலைப் பிரித்துக்கொள்கின்றன. மூன்று கோப்பைகளை வென்ற 2008-09 பருவத்து ஜெர்சியும் இதே அமைப்பில் இருந்தது. வழக்கமான நெடுங்கோடுகளைவிட இது கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. நடுவில் விளம்பரதாரரான ஸ்பாட்டிஃபையின் பெயர் பெரிதாக அமர்ந்திருப்பது மட்டும் உறுத்துகிறது.

பயிற்சியாளர் ஹான்சி ஃபிளிக்கின் கீழ் இந்த ஜெர்சி கண்ட பருவமும் நல்ல பருவம். செவில்லாவில் நடந்த ஸ்பெயினின் கோபா தெல் ரேய் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டை 3-2 என வென்றபோது முதல் இரண்டு கோல்களுக்கும் யமால்தான் பந்து கொடுத்தார். எஸ்பான்யோல் மைதானத்தில் அவர் வளைத்து அடித்த கோல் லீக் பட்டத்தை உறுதி செய்த வெற்றிக்கு வழி திறந்தது. ஆனாலும், என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் உச்சம் அணி வெல்லாத ஓர் ஆட்டம்: இன்டர் மிலானுக்கு எதிரான ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில், இரு ஆட்டங்கள் கொண்ட அரையிறுதியின் முதல் ஆட்டம். இரண்டு கோல் பின்தங்கிய நிலையில், பார்சிலோனாவுக்காகத் தனது 100ஆவது ஆட்டத்தில் ஆடிய அவர், எதிரணியினர் சூழ்ந்து நிற்க வலப்புறமிருந்து உள்ளே வெட்டிப் புகுந்து அடித்த கோல்தான் ஆட்டத்தைத் திருப்பியது. அது 3-3 என முடிந்தது. மிலானில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் தோற்று வெளியேறினார்கள்.

இனி வாங்குபவர்களுக்கு. இதில் ரசிகர் வகை, வீரர் வகை என இரண்டு உண்டு. வீரர் வகை மெல்லியது, உடலோடு ஒட்டித் தைக்கப்பட்டது. நாள்தோறும் மைதானத்தில் ஓடுபவர் அல்லாத எவருக்கும் அது தேவையில்லை, கொஞ்சம் தொப்பை இருந்தாலும் எடுப்பாக இராது. நான் வாங்கிய ரசிகர் வகை தளர்வாக இருக்கிறது, வியர்வை விரைவில் உலர்ந்துவிடுகிறது. பெயரும் எண்ணும் பதிக்கத் தனிக் கட்டணம் உண்டு. பதித்தபின் பெரும்பாலான கடைகள் திரும்பப் பெறுவதில்லை என்பதால், அளவை முதலில் அணிந்து பார்த்துவிடுவது நல்லது. துவைக்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். எண்ணின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது.

10ஆம் எண்ணை இப்போதே வாங்க வேண்டும் என்று அவசரப்படுவோருக்கு ஒரு சொல். மரடோனா, ரிவால்டோ, ரொனால்டினோ, மெஸ்ஸி எனப் பலர் அணிந்த அந்த எண்ணை 2025 ஜூலையில் யமால் ஏற்றார். அவர் தொடர்ந்து அதையே அணிந்தால் ஆண்டுதோறும் புதிது கிடைக்கும். பார்சிலோனா ஜெர்சியில் யமாலின் 19 அந்த ஒரு பருவத்துக்கு மட்டுமே உரியது. உங்கள் அளவு மீதமிருக்கும் கடையைக் கண்டால், தள்ளுபடியைப் பற்றி அதிகம் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.