மான் பார்க்க நாராவா, மியாஜிமாவா?
ஜப்பானில் ஒரு நாள் மான்களோடு கழிக்க நாராவுக்குப் போவதா, மியாஜிமாவுக்கா? மான்தான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நாராதான். 1,000-க்கும் மேற்பட்ட மான்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி திரிகின்றன, அங்கே விற்கும் மான் பிஸ்கட்டைக் கையில் எடுத்தாலே தலையைக் குனிந்து குனிந்து கேட்கும், கொடுக்காமல் ஆட்டம் காட்டினால் சட்டையைப் பிடித்து இழுக்கும், சில சமயம் கடித்தும் வைக்கும். தீர்ந்துவிட்டதா, இரண்டு கையையும் விரித்துக் காட்டுங்கள், பெரும்பாலும் விலகிவிடும். கியோட்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மியாஜிமா ஒரு தீவு, வேறு ரகம். ஹிரோஷிமா பக்கமிருந்து படகில் 10 நிமிடம். அங்கே மானுக்குத் தீனி போடக் கூடாது; ஆனாலும் கையிலிருக்கும் வரைபடம் பத்திரம், காகிதத்தையும் மெல்லும். கடலில் நிற்கும் தோரி என்ற கோயில் நுழைவாசல்தான் அங்கே நாயகன். மான் கூட்டம் சூழ்ந்தால் மிரளும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் மியாஜிமாவைத்தான் சொல்வேன்.